விறகு நாளில் ஒரு நாற்காலி

ஃபெனியா ஹாடிகினுக்கு எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே, அப்பன் பியோத்தரின் பெயரையும் சேர்த்து, "ஃபெனியா பெட்ரோவ்னா" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் "மரங்கொத்தி" என்பார்கள். ஒரே இடத்தில் விடாமல் கொத்துவாள் என்பதால் வந்த பெயர். அது அவளுக்கும் தெரியும். கொத்துகிற இடத்தில் புழு இருக்கிறது, இல்லாவிட்டால் எனக்கு வேறு வேலை இல்லையா என்பாள்.

எங்கள் சனம் ருஷ்யாவில் துப்பாக்கியைக் குவித்துத் தீ வைத்துவிட்டுக் கனடாவுக்குக் கப்பலேறி வந்த சனம். கொல்ல மாட்டோம், மாமிசம் தொட மாட்டோம், ஒரு ஆள் மேல் இன்னொரு ஆள் கைநீட்ட மாட்டோம். அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாக மரத்தை வெட்டித் தீர்த்தோம். இந்த மலையில் ரம்பம் பிடிக்காத வீடு கிடையாது. ஃபெனியாவின் அப்பா பியோத்தர் வெட்டுக்காரர், தம்பி மித்யா வெட்டுக்காரன். ஃபெனியா அவர்களையும் மிஞ்சி, மரத்தை ஒரு கையால் கட்டிப் பிடித்து அடியோடு அறுத்துப் படுக்கவைக்கும் பெரிய மெஷினில் ஏறி உட்கார்ந்தாள். பொம்பளைக்கு இது எதுக்கு என்று கேட்டவர்களிடம், "உக்காந்து பாக்குற வேலைதானே, உங்களாலயே முடியுதே" என்றாள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மெஷினை ஓட்டினாள்.

கரடியோடைக்கு மேலே உள்ள சரிவை வெட்டிய வருஷம்தான் அவள் முதன்முதலாக மேஸ்திரியோடு முட்டிக்கொண்டது. ஒரு காட்டை வெட்டினால் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கொஞ்சம் மரத்தை விட்டுவைக்க வேண்டும் என்பது விதி. பறவைக்கும் பிராணிக்கும் பாசிக்கும் பூஞ்சைக்கும் போக்கிடம் வேண்டுமே. விதியை எங்கள் ஆட்கள் மீற மாட்டார்கள், வளைப்பார்கள். நல்ல மரத்தையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, சதுப்போரம் நிற்கும் நோஞ்சான்களை விட்டுவிட்டு, "விட்டாச்சு" என்று எழுதிக்கொள்வார்கள். பந்தியில் எல்லாம் முடிந்தபின் அடிச்சட்டியைச் சுரண்டித் தானம் செய்வது மாதிரி. அன்றைக்கும் மேஸ்திரி வயர்லெஸ்ஸில் அதைத்தான் சொன்னான்.

"சதுப்பு ஓரமா நாலு குச்சி நிக்குது பாரு ஃபெனியா. அதை விட்டுட்டு மேல ஏறு."

"மேல நாலு பட்ட லார்ச் மரம் நிக்குது. பெருசு. பொந்து பொந்தா இருக்கு. அதை விடுறேன்."

"செத்த மரம்மா அது. கீழ ஆள் வேலை செய்யிறப்ப தலையில விழும். விதிப்படி ஒண்ணு சாய்க்கணும், இல்லைன்னா சுத்தி ஆள் நுழையாதபடி பச்சை மரத்தை வேலி மாதிரி விடணும்."

"வேலி மாதிரியே விட்டுட்டேன். நீ பேசிட்டிருந்த நேரத்துல சுத்தி வந்துட்டேன். இனி யாரும் உள்ள போக வேண்டாம்."

மேஸ்திரி கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டாள். அந்த மரத்திட்டு தப்பி நின்றது. நல்ல பருத்த பச்சை லார்ச்சுகள் சுற்றி நிற்க, நடுவே பட்டை உதிர்ந்து, சாம்பல் வெளுப்பில் நாலு பட்டமரம். ஐப்பசிக் குளிரில் பச்சை லார்ச்செல்லாம் மஞ்சளாகி ஊசி உதிர்க்கும்போது அந்த நாலு மட்டும் வெறும் உடம்போடு நிமிர்ந்து நிற்கும்.

முதுகு போனபிறகு மெஷினிலிருந்து இறங்கினாள். ஊரே சேர்ந்து நடத்தும் ஊர்க்காட்டுக் கழகத்தில், விட்டுவைத்த திட்டுகளைப் போய்ப் பார்த்துச் சொல்லும் வேலை கிடைத்தது. விட்ட மரம் நிற்கிறதா, விழுந்ததா, விழுந்தது மட்கி மண்ணாகிறதா, அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டும். அவளுக்கென்று எழுதிவைத்த வேலை. கிழவிபோல் முனகிக்கொண்டு சரிவேறுவாள், மரத்தைத் தட்டிக் காது வைப்பாள், அடியில் கிடக்கும் மரத்தூளைக் கிள்ளி மோந்து பார்ப்பாள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது லார்ச்சுக்கும் பொருந்தும். உயிரோடு நிற்கும்போது தருகிற இடத்தைவிடச் செத்து நிற்கும்போது அது தருகிற இடம் பெரிது. கொண்டை மரங்கொத்தி ஒரு வசந்தத்தில் பொந்து குடையும், அடுத்த வசந்தத்தில் வேறு பொந்துக்குப் போகும். காலி வீட்டுக்குச் சின்ன ஆந்தை வரும், பிறகு பறக்கும் அணில் கறுத்த தாடிப்பாசியை உருட்டித் திணித்துக் கூடு போடும். வாடகை கேட்க ஆள் கிடையாது.

வினை என்னவென்றால் விறகுக்கும் அதே பட்டமரம்தான் ராஜா. நின்றபடியே காய்ந்தது. கோடாலி பட்டதும் பிஸ்கட் மாதிரிப் பிளக்கும், விடிய விடிய கனலும். சனிக்கிழமை சாயங்காலம் பான்யாவைச் சூடேற்ற, அந்த நீராவி அறையில் கல் சிவக்க, அதைப்போல இன்னொரு விறகு இல்லை. வெளுத்த லார்ச் அடுக்கிய கொட்டகை உள்ளவன்தான் எங்கள் ஊரில் ஆம்பிளை. காட்டை வெட்டப் போட்ட ரோடு வேறு அப்படியே கிடக்கிறது. பிக்கப்பை நேரே மரத்தடியில் நிறுத்தலாம்.

இலையுதிர் காலத்தில் அங்கங்கே திட்டுகளில் பட்டமரம் காணாமல் போகும். கழகத்தின் அறிக்கையில் அதற்கு "காற்றில் விழுந்தது" என்று பெயர். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், எல்லோரும் அப்படித்தான் படிப்பார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காற்று வந்து கோர்ட்டில் வழக்குப் போடப் போவதில்லை என்ற தைரியம்.

போன வருஷம் ஐப்பசியில் ஃபெனியா கரடியோடைத் திட்டுக்குப் போனபோது நாலில் மூன்றுதான் நின்றது. பெரியது போய்விட்டிருந்தது.

அடிக்கட்டை முழங்கால் உயரத்தில், மேலே தண்ணீர் டம்ளர் வைத்தாலும் சிந்தாது போலச் சமமாக இருந்தது. மரம் சாய வேண்டிய திசையில் முன்பக்கம் வெட்டும் ஆப்பு வாய் அகலமாக, பின் அறுப்பு ஒரு விரல் மேலே. அது யார் வேலை என்று அவள் யோசிக்கவே இல்லை. கூடப் பிறந்தவனின் கையெழுத்தைப் படிக்க எழுத்துக் கூட்ட வேண்டுமா. சுற்றியிருந்த பச்சை மரம் ஒன்றின் கிளைகூட முறியாமல், இருந்த ஒரே இடைவெளியில் கோடு போட்டமாதிரி மரத்தைச் சாய்த்திருந்தான். அடிமரத்தை உருளை உருளையாக வெட்டிக் கொண்டுபோய்விட்டு, பொந்து விழுந்து உளுத்த மேல்பாகத்தை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தான். அவள் குனிந்து பொந்துக்குள் கைவிட்டாள். தாடிப்பாசிக் கூடு இன்னும் மெத்தென்று இருந்தது. அதற்குள் ஒரு பறக்கும் அணில் நசுங்கிச் செத்திருந்தது. பெரிய கண் திறந்தே இருந்தது. ஃபெனியா கட்டையின் மேல் உட்கார்ந்து அழுதாள். பிறகு கோபம் வந்தது. அணிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பிக்கப்பில் ஏறினாள்.

மித்யாவின் வீட்டில் அவன் அப்போதுதான் பான்யாவிலிருந்து சிவந்துபோய் வந்து உட்கார்ந்திருந்தான். தலையில் துண்டு, முன்னால் போர்ஷ்ட் சூப், வெண்ணெய் தடவிய பிராஹி அப்பம். ஃபெனியா கைக்குட்டையை ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தாள். மாமிசம் நுழையாத வீட்டு மேஜை அது.

மித்யா கரண்டியைக் கீழே வைத்தான். "என்ன ஃபெனியா இது."

"நீ கொன்னது. பான்யா சுகமா இருந்துச்சா?"

"நான் எதையும் கொல்லலை. மரம் அறுத்தேன். அதுக்குள்ள இது இருந்தா நான் என்ன செய்வேன்?"

"உள்ள யாருன்னு தெரியாம வீட்டை இடிக்கிறவன் சொல்ற பேச்சு."

"பான்யாவுக்கு ரெண்டு உருளைதான் போட்டேன். மீதி எனக்காகவா? பிரார்த்தனைக் கூடத்துச் சமையலுக்கு. எழவு வீடுன்னா இருநூறு பேருக்குப் போர்ஷ்ட் வேகணும். ஆனி செர்னாஃப் புருஷன் போனதுலேர்ந்து யாரு விறகு வெட்டித் தரான்? நான்தான். அடுத்த சனிக்கிழமை விறகு நாள். எல்லாரும் கரடியோடைக்குத்தான் வரோம். மீதி மூணையும் சாய்ச்சா இந்தக் குளிர்காலத்துக்குக் கூடத்துக்கும் ஆனிக்கும் கவலையில்லை."

"மூணையும்."

"செத்த மரம் ஃபெனியா. நீ பாட்டுக்குக் காத்துன்னு எழுது. எல்லாரும் எழுதுறதுதானே."

"காத்து எப்பலேர்ந்து ஆப்பு வாய் வச்சு அறுக்குது?"

மித்யா சிரித்துவிட்டான். அவனுக்குச் சிரிப்பு சுலபமாக வரும். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். "மரங்கொத்தி, மரங்கொத்தி. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்றான். அவள் அணிலைத் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் வெளியே போனாள். சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டுச் சாப்பிடாமல் போவது எங்களில் பெரிய அவமரியாதை. தெரிந்துதான் செய்தாள்.

கழகத்துக்கு அவள் "ரம்பத்தால் அறுக்கப்பட்டது" என்று எழுதி அனுப்பினாள். மறுநாளே டெரெக் லுண்ட் போனில் கூப்பிட்டான். வடக்கேயிருந்து வந்து கழகத்தின் காட்டு அதிகாரியாக இருப்பவன். கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"ஃபெனியா, நீங்க எழுதினதைப் படிச்சேன். உங்களுக்கே தெரியும், ரம்பம்னு போட்டா நான் விசாரிக்கணும். விசாரிச்சா ரோட்டுல பள்ளம் வெட்டி மூடணும். அந்த ரோட்டுலதான் ஊரே பழம் பறிக்கப் போகுது, காளான் பொறுக்கப் போகுது. என் கழுத்தைப் பிடிச்சிடுவாங்க."

"பிடிக்கட்டுமே. கழுத்து எதுக்கு இருக்கு?"

"ஒரு மரம்தானே."

"ஒவ்வொரு திட்டுலயும் ஒரு மரம்தான். ஒவ்வொரு வருஷமும் ஒரு மரம்தான்."

"கொஞ்சம் மாத்திக் கொடுங்களேன்."

"நீங்களே மாத்திக்குங்க. உங்க கையெழுத்தைப் போட்டு மாத்திக்குங்க. நான் போய்ப் பார்த்தேன், ரம்பத்தைத்தான் பார்த்தேன்."

அவன் பெருமூச்சு விட்டான். அடுத்த வருஷத்துக்கான ஒப்பந்தம் பற்றி அப்புறம் பேசலாம் என்றான். அப்புறம் என்றால் எப்போதுமில்லை என்று அவளுக்குத் தெரியாதா. போனை வைத்துவிட்டு ஜன்னலருகே நின்றாள். பிழைப்பு போவது அவளை உறுத்தத்தான் செய்தது. ஆனால் அதைவிடப் பெரிது, சனிக்கிழமை அந்த மூன்றும் போய்விடும் என்பது. சொல்லிப் பார்த்தாயிற்று, எழுதிப் பார்த்தாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரம்பம் பிடித்தவன் எவனுக்கும் எங்கள் மலையில் ஒரு சட்டம் உண்டு. மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் ஒரு மனுஷன் நின்றால் மரத்தைத் தொடக் கூடாது. குடிகாரனும் இதை மீற மாட்டான். ஹாடிகின் வீட்டில் அது சட்டம் மட்டும் இல்லை. கூட்டாளி அறுத்த மரம் திசை மாறி விழுந்துதான் பியோத்தர் செத்தார். தூரத்துக்குள் நின்றிருந்தார், கூட்டாளி திரும்பிப் பார்க்கவில்லை. ஃபெனியாவுக்கு அப்போது கல்யாண வயசு, மித்யா பள்ளிக்கூடத்துப் பையன். அப்பாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

விறகு நாளன்று ஆட்கள் மேலே வந்து சேர்ந்தபோது, திட்டுக்கு நடுவே, மூன்று பட்டமரத்துக்கும் மத்தியில், ஃபெனியா ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலில் கம்பளிப் போர்வை, பக்கத்தில் பிளாஸ்க்கில் டீ, மடியில் துணி மூடிய தட்டு. எந்த மரத்தை அறுத்தாலும் அவள் தூரத்துக்குள்தான் இருந்தாள்.

ஏழெட்டு பேர் பிக்கப்புகளிலிருந்து இறங்கினார்கள். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பில் ரில்காஃப் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். ஊரில் எந்த வேலை நடந்தாலும் வாய்க்கு மட்டும் வேலை கொடுப்பவன் அவன்.

"பிக்னிக்கா ஃபெனியா பெட்ரோவ்னா? எங்களுக்கும் பிராஹி உண்டா?"

"உண்டு. ரம்பத்தை வண்டியில வச்சுட்டு வா, தரேன்."

"நீ எந்திரிச்சா அரை நாள்ல வேலை முடிஞ்சிடும்."

"நான் எந்திரிக்கலைன்னா இப்பவே முடிஞ்சுது."

மித்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் சிரிக்கவில்லை. "ஃபெனியா, விளையாடாத. ஆனி வீட்டுல விறகு இல்ல. அந்தப் பொம்பளையைக் குளிர்ல போடப்போறியா?"

"ஆனிக்கு என் கொட்டகையில பாதி. நேத்தே சொல்லிட்டேன், சரின்னுட்டா. கூடத்துக்கு விறகா? கீழ மரம் அடுக்குற களத்துல வெட்டுக் கழிவு மலைமாதிரி குமிஞ்சு கிடக்கு. வர்ற மாசம் டீசலை ஊத்திக் கொளுத்தப் போறாங்க. அதுல இல்லாத விறகா?"

"அது பூரா மண்ணும் கல்லும். ஒரு கட்டை அறுக்குறதுக்குள்ள சங்கிலி மொண்ணையாயிடும்."

"தீட்டிக்க."

"அந்தச் சகதியில உருண்டு விறகு எடுக்க நாங்க என்ன பிச்சைக்காரங்களா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அப்பச் சொல்லுங்க. குளிருக்காக வெட்டலை, கௌரவத்துக்காக வெட்டுறீங்க. ஆனி பேரை எதுக்கு இழுக்குறீங்க?"

பில்தான் ஆரம்பித்தான். "நாலு பேர் நாலு காலைப் பிடிச்சா நாற்காலியோட தூக்கி ரோட்டுல வச்சுடலாம். ஒரு நிமிஷ வேலை."

"தூக்கு" என்றாள் ஃபெனியா. "நம்ம சனத்துல மறியலுக்கு உக்காந்த பொம்பளையைத் தூக்கினவன் எல்லாம் போலீஸ்காரன். நீ எப்ப சேர்ந்த?"

இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். பில்லின் முகம் சுருங்கிப்போனது. கைநீட்டாத சனம் என்று மார்தட்டுகிறவர்களை அவர்கள் கௌரவத்தாலேயே கட்டிப்போட்டுவிட்டாள். ஆட்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள், டீ குடித்தார்கள், மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பனித்தூவல் விழ ஆரம்பித்தது. பசித்தால் எழுந்துவிடுவாள் என்றான் ஒருவன். அவள் துணியை விலக்கி ஒரு பிராஹியை எடுத்து மெதுவாகத் தின்றாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. ஆனால் முயலைப் பக்கத்தில் கட்டிப்போட்டுச் சாப்பாட்டையும் கொண்டுவந்தவள் இவள் ஒருத்திதான்.

மித்யாவுக்குப் பொறுக்கவில்லை. ஊர் முன்னால், அவன் முன்னின்று நடத்தும் விறகு நாளில், அவனுடைய அக்கா. விறுவிறுவென்று வண்டிக்குப் போய் ரம்பத்தை எடுத்து, கயிற்றை இழுத்துக் கிளப்பி, அந்த உறுமலோடு அவளைத் தாண்டிப் போய்ப் பட்டமரத்தின் அடியில் நின்றான்.

ஃபெனியாவுக்கும் அவனுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் ரம்பத்தை மரத்தில் வைக்க மாட்டான் என்று மனசு சொன்னது, வைத்துவிட்டால் என்று உடம்பு கேட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகையே பார்த்தாள். மித்யா சங்கிலியை மரத்தில் வைக்கப் போனவன், பழக்கத்தில், சுற்றிலும் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். அப்பா சாவுக்குப் பிறகு ஒரு மரத்தைக்கூட அவன் திரும்பிப் பார்க்காமல் அறுத்ததில்லை. பார்த்தான். அவள் உட்கார்ந்திருந்தாள்.

ரம்பத்தை அணைத்தான்.

"அப்பாவை வச்சு விளையாடுற நீ" என்றான். குரல் உடைந்திருந்தது. "வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு" என்றாள் ஃபெனியா. "ஆனா எந்திரிக்க மாட்டேன். என் கையில வேற என்னடா இருக்கு? எழுதினேன், அதை அழிக்கிறாங்க. உங்கிட்ட வந்து சொன்னேன், சிரிச்ச."

மித்யா வண்டியில் ஏறிக் கீழே போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அன்றைக்கு முழுக்கக் களத்துக் கழிவுக் குவியலில் உருண்டு, சங்கிலியைத் தீட்டித் தீட்டி, வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டே கூடத்துக்கு விறகு சேர்த்தார்கள். சாயங்காலம் ஃபெனியா வீடு திரும்பியபோது அவள் வாசலை அடைத்து ஒரு லோடு கிடந்தது. கோணல் மாணலான கட்டைகள், வேர்முண்டுகள், எல்லாவற்றிலும் சகதி. மித்யா கொட்டிவிட்டுப் போயிருந்தான். இதையே எரித்துச் சாவு என்று அர்த்தம். அவள் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போகவில்லை. வாசல் திறக்கிற வரைக்கும் கட்டை கட்டையாக எடுத்து அடுக்கினாள். முதுகு இரண்டு வாரம் பேசியது. அந்தக் குளிர்காலம் பூரா, கொட்டகை விறகில் பாதியை ஆனிக்குக் கொடுத்த குறைக்கு, அந்த மண் விறகைத்தான் எரித்தாள். வீடு புகைந்தது, கண் எரிந்தது.

மித்யா அவளோடு பேச்சை நிறுத்தினான். கடையில் பார்த்தால் சோப்பு டப்பாவைப் படிக்க ஆரம்பித்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் எதிரெதிரே நின்று பாடுவோம். அவன் கண் அவள் தலைக்கு மேலே சுவரில் இருக்கும். அவளுக்கு அது வலித்தது. கழகம் அவளை மறுபடி கூப்பிடாததைவிட அதுதான் வலித்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு, கூலியில்லாமலேயே கரடியோடைக்குப் போய் மூன்றையும் பார்த்துவிட்டு வந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மரங்கொத்திக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

மாசிப் பனியில் ஊர்க்காட்டுக் கழகத்தின் வருஷக் கூட்டம் பிரார்த்தனைக் கூடத்தில் நடந்தது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். ஃபெனியாவின் வேலைக்குக் கழகம் இப்போது ஒரு டிரோனை வைத்திருந்தது. டெரெக் அது எடுத்த படங்களைச் சுவரில் காட்டிக்கொண்டே போனான். மேலிருந்து பார்க்கும்போது காடு எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். மேலிருந்து பார்த்தால் அடிக்கட்டை தெரியாது.

"கரடியோடைத் திட்டு" என்றான் டெரெக். "இங்க பட்ட லார்ச் ஒண்ணு குறைஞ்சிருக்கு. வேர் அழுகி, வலுவில்லாம, காத்துல தாறுமாறா சாய்ஞ்சிருக்கலாம்."

ஃபெனியா எழுந்தாள். "காத்துல சாயலை. அறுத்தது. நான் எழுதிக் கொடுத்தேன்."

அறுத்தது யார் என்று அங்கே தெரியாதவர்கள் டெரெக்கும் கைக்குழந்தைகளும்தான்.

"அது வந்து... உறுதியா சொல்ல முடியாதில்லையா" என்றான் டெரெக். "சரி, அறுத்தாங்கன்னே வச்சுக்குவோம். யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவன் அதை அவள் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் கேட்டான். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். தம்பியின் பெயரைச் சொன்னால் இந்த ஜன்மத்தில் அவன் திரும்பி வரமாட்டான். சொல்லாவிட்டால் காற்றுதான் ஜெயிக்கும், அடுத்த ஐப்பசியில் நாற்காலியும் உதவாது.

"தெரியும்" என்றாள்.

அவள் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் சுவரோரத்திலிருந்து மித்யா குரல் கொடுத்தான். "நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். அவன் முகம் பான்யாவிலிருந்து வந்தவன் மாதிரிச் சிவந்திருந்தது. அவன் ஃபெனியாவைப் பார்க்கவில்லை, டெரெக்கைத்தான் பார்த்தான்.

"தாறுமாறா சாய்ஞ்சுதாம்ல. தாறுமாறாவா? சுத்தி எட்டு பச்சை மரம். ஒரே ஒரு சந்து. அதுக்குள்ள அந்த உசரத்தைப் படுக்க வச்சேன், பக்கத்து மரத்துல ஒரு சுள்ளி முறியலை. போய்ப் பாரு. எந்தக் காத்துக்குடா அந்தக் கை வரும்? வேர் அழுகிப்போச்சாம்ல. அடிக்கட்டை வைரம் மாதிரி இருக்கு. அதை அறுத்தது மித்யா ஹாடிகின். அப்படி எழுது."

சுவரோரம் நின்ற பழைய வெட்டுக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் "உள்ளதுதான், நான் பார்த்தேன்" என்றார். பில் ரில்காஃப் சிரிக்க வாயைத் திறந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"மித்யா, இதுக்கு அபராதம் உண்டு" என்றான் டெரெக். "ரோட்டையும் மூட வேண்டி வரும்."

"மூடு. பள்ளம் வெட்ட ஆள் வேணும்னா சொல்லு."

அதற்குப் பிறகு கூட்டத்தில் ஒரே கூச்சல். பழம் பறிக்க எங்கே போவது, காளானுக்கு எங்கே போவது, ஹாடிகின் குடும்பத்துக்கே கிறுக்கு என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள். டெரெக் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். ஃபெனியா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மித்யா அவளுக்கு முன்பே வந்து வண்டிக் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டித் தன் வண்டிக்குப் போனாள். அவன் நிமிரவில்லை. சுரண்டிக்கொண்டே சொன்னான்:

"இதனால நான் உன்கூடப் பேச ஆரம்பிச்சுட்டேன்னு நினைச்சுக்காத."